சுவரில் சிவப்புக் கோடு: சாலை விரிவாக்கத்தில் ஒரு வடசென்னை மனையின் கணக்கு

கடையின் பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. பக்கத்தில் 2.4 என்று எண். அம்புக்குறி வீட்டுக்குள் பார்க்கிறது. முகப்பிலிருந்து 2.4 மீட்டர் சாலைக்குப் போகும் என்று பொருள். சாலை விரிவாக்கம் வருகிறது என்பது பல வீட்டுக்காரர்களுக்கு இப்படித்தான் தெரியவருகிறது. தபால் பிறகுதான் வரும், சில நேரம் வராமலே போகும். கோடு போட்டவர் பெரும்பாலும் திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்தின் அளவைக் குழுவைச் சேர்ந்தவராக இருப்பார். அந்தக் கோட்டுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அதைக் காட்டி யாரும் இடிக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு நாம் சும்மா இருக்கவும் கூடாது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி மனை. புழல், காவாங்கரைப் பக்கம் ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலையைப் பார்த்த முகப்பு 6 மீட்டர், ஆழம் 18 மீட்டர். மொத்தம் 108 சதுர மீட்டர், அதாவது 1,162 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் ஷட்டர் போட்ட கடை, வாடகைக்கு விட்டது. பின்னால் வீடு, மேலே ஒரு மாடி. அளவுகளும் பண எண்களும் கணக்குப் போட்டுக் காட்ட வைத்தவை. அந்த இடத்தில் இப்போது வேலை நடக்கிறது என்று பொருள் இல்லை. சட்டமும் நடைமுறையும் நிஜமானவை. மூலக்கடையிலிருந்து மீஞ்சூர் வரை சாலையோரம் மனை வைத்திருக்கும் யாருக்கும் இது நேரலாம்.

நட்டஈடு எவ்வளவு என்ற சண்டையில்தான் எல்லோரும் சக்தியைக் கரைக்கிறார்கள். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: சாலையின் நிலம் எங்கே முடிகிறது, நம் நிலம் எங்கே தொடங்குகிறது? இதில் தோற்றுவிட்டால் சதுர அடிக்கு எவ்வளவு என்ற பேச்சே எழாது. ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடும்.

யாருடைய சாலை

மாதவரத்துக்கு வடக்கே புழல், செங்குன்றம், காரனோடை, கும்மிடிப்பூண்டி வழியாகத் தடா நோக்கிப் போகும் ஜி.என்.டி. சாலை, தேசிய நெடுஞ்சாலை 16. பழைய எண் 5. இதில் நிலம் எடுத்தால் 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் பொருந்தும். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், அதில் 15ஆம் பிரிவு. மாநகராட்சிச் சாலை என்றால் அதற்கு வேறு வழி. சட்டம் மாறினால் கெடு மாறும், மனு கொடுக்க வேண்டிய மேசை மாறும். ஒரே பெயரில் ஓடும் சாலையின் இரண்டு பகுதிகள் இரண்டு துறைகளிடம் இருப்பது வடசென்னையில் சாதாரணம். எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்ணூர் விரைவுச்சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, மணலி எண்ணெய் ஆலைச் சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி என்று நான்கு சாலைகள் ஒரே திட்டத்தில் சேர்ந்தன. ஆகவே பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். தகவல் உரிமை மனு போட்டு, ‘இந்தச் சாலை, இந்த இடத்தில், எந்தத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, நில எடுப்பு எந்தச் சட்டத்தின் கீழ்’ என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

மாதிரி மனை தேசிய நெடுஞ்சாலையில் இருப்பதால் இனி வருவது பெரும்பாலும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி. மாநிலச் சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுப்பது செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மாநில அரசு, அதை மறுபடி செல்லுபடியாக்கும் மீட்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2019 தீர்ப்பின் நகலை மட்டும் வைத்துக்கொண்டு ‘இந்தச் சட்டமே இல்லை’ என்று வாதாட வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நேரமும் பணமும் வீண்.

கோடு எங்கிருந்து அளக்கப்பட்டது

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அளவைக் குழு வரும்போது பெரும்பாலும் இப்போதுள்ள தார்ச்சாலையின் நடுக்கோட்டை எடுத்து, திட்டத்துக்குத் தேவையான அகலத்தைப் பாதியாக்கி, இரு பக்கமும் டேப் பிடித்துவிடும். வேகமான வழி. தார் போட்ட இடம் சாலை நிலத்தின் சரிபாதியில் இருக்கும் என்பது இதில் மறைந்திருக்கும் அனுமானம். பழைய சாலைகளில் அது பெரும்பாலும் பொய். ஒரு பக்கம் மரம், மின்கம்பம், கால்வாய் இருந்திருக்கும். தார் மறுபக்கம் ஒதுங்கியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் யாரோ முன்பே சாலை நிலத்துக்குள் கட்டியிருப்பார்கள். அதனாலும் தார் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். நடுக்கோடு 1.1 மீட்டர் நகர்ந்திருந்தால், நம் பக்கம் 1.1 மீட்டர் கூடுதலாகப் போகும், எதிர்ப்பக்கம் அதே அளவு தப்பிக்கும்.

சரியான அளவு நில அளவைக் கற்களிலிருந்து வர வேண்டும். மனையின் சர்வே எண்ணுக்கும் சாலைக்குரிய சர்வே எண்ணுக்கும் புலப்படம், அதாவது எல்லை அளவுகளைக் காட்டும் நில அளவை வரைபடம், இருக்கும். சாலைக்கு எதிர்ப்பக்கத்துச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் சேர்த்து மூன்றும் வாங்க வேண்டும். நம் எண்ணின் படத்தை மட்டும் வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சாலை நிலத்தின் அகலம் இரண்டு பக்கக் கற்களுக்கு நடுவே உள்ள தூரம். ஒரு கரையை மட்டும் வைத்து ஆற்றின் அகலம் சொல்ல முடியாது. பழைய படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். ஒரு லிங்க் 20.12 செ.மீ.; 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. மீட்டர் என்று நினைத்துப் படித்தால் கணக்கு முழுதும் கவிழும்.

படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவும் கூடாது. 1:1000 அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே அரை மீட்டர் சாப்பிட்டுவிடும். ஜெராக்ஸ் எடுத்த நகல் என்றால் காகிதமே சற்று நீண்டோ சுருங்கியோ இருக்கும். படத்தில் எழுதியிருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தரையில் இரண்டு உறுதியான கற்களைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்து வர வேண்டும். கல் இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் கட்டணம் கட்டி அளவை மனு கொடுத்து, சர்வேயர் நட்டுக் கொடுத்த கல்லையும் அவர் கையெழுத்திட்ட வரைபடத்தையும் வாங்கி வைக்க வேண்டும். தனியார் சர்வேயர் அளந்தது நமக்குத் தெளிவு தரும்; எதிர்த்தரப்பு அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மாதிரி மனையில் இதன் விலை என்ன? 2.4 மீட்டரில் 1.1 மீட்டர் ‘சாலைப் புறம்போக்கு’ என்று எழுதப்பட்டால், 6 மீட்டர் முகப்புக்கு 6.6 சதுர மீட்டர், 71 சதுர அடி, ஒரு ரூபாய்கூட இல்லாமல் போகும். சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்தால் 4 லட்சத்து 26 ஆயிரம். அதன்மேல் சட்டப்படி இன்னொரு மடங்காக வரவேண்டிய நூறு சதவீத ஆறுதல் தொகையையும் சேர்த்தால் 8 லட்சத்து 52 ஆயிரம். ஒரு பென்சில் கோட்டின் விலை அது.

நத்தம் நிலம் இன்னொரு சிக்கல். புழல், கொடுங்கையூர், திருவொற்றியூர் மாதிரிப் பழைய ஊர்களில் குடியிருப்புப் பகுதி கிராம நத்தமாக இருந்தது. நத்தம் என்றால் அரசு நிலம் என்று பலர், அதிகாரிகள் சிலரும்கூட, நினைக்கிறார்கள். நத்தம் குடியிருக்க விட்ட இடம். அதில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு அது உரிமை நிலம், அரசின் புறம்போக்கு அல்ல. இதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பத்திரம் இல்லாவிட்டாலும் தோராய பட்டா, பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு எடுத்த நாள் ஆகியவை இங்கே பேசும். திருவொற்றியூர்ப் பக்கம் அடிமனை என்றொரு வகை உண்டு: நிலம் கோயிலுடையது, மேலே இருக்கும் கட்டடம் குடியிருப்பவருடையது. அங்கே நிலத்துக்கான பணம் கோயிலுக்குப் போகும், கட்டடத்துக்கானது கட்டியவருக்கு வர வேண்டும். இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லிக் கேட்காவிட்டால் முழுத்தொகையும் நில உரிமையாளர் பெயரில் போய் நின்றுவிடும்.

‘ஆக்கிரமிப்பு’ என்று சொன்னாலே இடித்துவிடலாம் என்ற காலம் சட்டத்தில் முடிந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் மகாராஜ்கஞ்சில் சாலை அகலப்படுத்தும்போது, ஆக்கிரமிப்பு என்று சொல்லப்பட்ட அளவையும் தாண்டி ஒரு வீட்டை இடித்த வழக்கில், 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எல்லா மாநிலங்களுக்கும் வரிசை ஒன்றும் வகுத்தது. முதலில் ஆவணப்படி சாலையின் இப்போதைய அகலத்தைக் கண்டறிய வேண்டும். பிறகு நிலத்தில் அளந்து எல்லை குறிக்க வேண்டும். ஆக்கிரமிப்பு தெரிந்தால் எழுத்தில் நோட்டீஸ். ஆட்சேபம் வந்தால் காரணம் சொல்லும் ஆணை. மறுத்தால் தானே அகற்றிக்கொள்ள நியாயமான அவகாசம். சாலை நிலம் போதவில்லை என்றால் சட்டப்படி நிலம் எடுக்க வேண்டும், சுவரைத் தள்ளி எடுக்கக் கூடாது. சுவரில் கோடு விழுந்த அன்றே, இந்த வரிசையைக் குறிப்பிட்டு, ‘சாலையின் ஆவண அகலம் என்ன, எந்தக் கற்களிலிருந்து அளந்தீர்கள்’ என்று பதிவுத் தபாலில் கேட்பதுதான் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அதே மாதம் 13ஆம் தேதி வந்த இன்னொரு தீர்ப்பின் 15 நாள் நோட்டீஸ் விதி, சாலை, நடைபாதை போன்ற பொது இடத்தில் இருக்கும் அனுமதியற்ற கட்டுமானத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பி மனு எழுதினால் எதிர்த்தரப்பு அந்தக் குழப்பத்தையே பிடித்துக்கொள்ளும்.

21 நாள்

நிலம் எடுக்கப்போவதாக அரசு முதலில் சொல்வது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிக்கையில். அது அரசிதழில் வரும். அதன் சாரத்தை உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் போட வேண்டும், ஒன்று தமிழில். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் 3சி பிரிவின்படி எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். நாம் பேப்பரில் பார்த்த நாளிலிருந்து அல்ல, தபால் கையில் கிடைத்த நாளிலிருந்தும் அல்ல. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் தர 30 நாள் உண்டு. ஆகவே தகவல் வந்த பிறகு ஆட்சேபம் எழுதலாம் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். கையில் இருப்பதை வைத்து முதலில் ஆட்சேபம். தகவல் வந்தபின் நேரடி விசாரணையில் கூடுதல் மனு. விசாரணைக்கு நேரிலோ வழக்கறிஞர் மூலமோ போகும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

‘எங்களுக்கு இந்த ஒரே வீடுதான், தயவு செய்து விட்டுவிடுங்கள்’ என்று எழுதும் மனுக்கள் மனதைப் பிசைகின்றன. ஆனால் அவற்றை ஒரே வரியில் தள்ளுபடி செய்யலாம். தள்ளுபடி செய்யக் கடினமான மனு வேறு விதம். அறிவிக்கையின் அட்டவணையில் சர்வே உட்பிரிவு எண் தவறு, வகைப்பாடு புன்செய் என்று இருக்கிறது, நிஜத்தில் வீட்டுமனை, பரப்பு 14.4 சதுர மீட்டர் என்றால் எந்த எல்லையிலிருந்து. கட்டடம் அட்டவணையில் இல்லை. எதிர்ப்பக்கம் காலி நிலம் இருக்க இந்தப் பக்கம் ஏன் வளைந்தது. சர்வீஸ் சாலையை இந்த நூறு மீட்டரில் எவ்வளவு குறைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆவண நகல். கொடுக்க வேண்டியது நில எடுப்புக்கு நியமிக்கப்பட்ட தகுதி பெற்ற அதிகாரியிடம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சிறப்பு மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் இருப்பவர். தாசில்தாரிடமோ கவுன்சிலரிடமோ கொடுத்த மனு ஆட்சேபமாகக் கணக்கில் வராது. தேதி முத்திரையுடன் ஒப்புகை நகல் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

வகைப்பாட்டுத் தவறு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பட்டா பழையபடியே புன்செய் என்று கிடந்து, அதன்மேல் இருபது ஆண்டாக மாடிவீடு நின்றாலும், மதிப்பீடு புன்செய் விலையில் தொடங்கும்.

3ஏ வந்து ஓராண்டுக்குள், நிலம் எடுப்பதை உறுதி செய்யும் 3டி பிரகடனம் வராவிட்டால் அறிவிக்கை காலாவதி. வந்துவிட்டால் அந்த நாளிலேயே நிலம் வில்லங்கமற்று மத்திய அரசுக்குப் போய்விடும். அதன்பிறகு பேச்சு பணத்தைப் பற்றி மட்டும்தான்.

பணக் கணக்கு

2015 முதல், 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் நட்டஈட்டு முறை தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகிறது. சந்தை மதிப்புக்கு முத்திரைச் சட்ட வழிகாட்டி மதிப்பையும், அருகிலுள்ள அதே மாதிரி மனைகளின் முந்தைய மூன்று ஆண்டு விற்பனைப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். பத்திரங்களை அதிகாரி தேடி எடுத்துத் தருவார் என்று இருக்கக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, பிரதான சாலையைப் பார்த்த மனைகளின் பத்திர எண்களை நாமே எடுத்துச் சான்று நகல் வாங்கிக் கொடுக்க வேண்டும். உள்தெருப் பத்திரங்கள் கலந்தால் சராசரி சரியும். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடும் பழக்கம் ஊரையே பாதிக்கும் இடம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் குறைத்துக் காட்டிய விலை நம் நட்டஈட்டில் வந்து உட்காரும்.

மாதிரி மனையில் போவது 14.4 சதுர மீட்டர், 155 சதுர அடி. சதுர அடி 6,000 என்றால் 9,30,000 ரூபாய். சந்தை மதிப்பைப் பெருக்க வேண்டிய எண் நகர்ப்பகுதிக்கு 1. கட்டடத்தின் மதிப்பு 2,50,000 என்று வைப்போம். கூட்டினால் 11,80,000. ஆறுதல் தொகை அதே அளவு இன்னொரு 11,80,000. ஆக 23,60,000. நிலத்தின் சந்தை மதிப்பின்மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. அறிவிக்கையிலிருந்து, நட்டஈட்டை முடிவு செய்யும் தீர்வாணை வரை ஒன்றரை ஆண்டு ஆனால் 1,67,400. மொத்தம் 25,27,400 ரூபாய். தீர்வாணை கையில் வந்ததும் இந்த வரிசையில் ஒவ்வொரு வரியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறுதல் தொகையை நிலத்துக்கு மட்டும் போட்டுக் கட்டடத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மேலே உள்ள கணக்கில் அந்த ஒரு பிழையே இரண்டரை லட்சம்.

கட்டட மதிப்பில் எப்போதும் விடுபடுபவை: கடைக்கு அடியில் இருக்கும் சம்ப், செப்டிக் டேங்க், போர், ஷட்டர், மீட்டர் போர்டு, குடிநீர் இணைப்பு, சாக்கடை இணைப்புத் தொட்டி, சுற்றுச்சுவர். பொறியாளர் மதிப்பிட வரும் அன்று சம்ப் மூடியைத் திறந்து, அளவு டேப்பை உள்ளே விட்டுப் படம் எடுத்து, ‘இவ்வளவு நீளம், அகலம், ஆழம்’ என்று அவரது குறிப்பிலேயே எழுதச் சொல்ல வேண்டும். தரைக்கு அடியில் இருப்பது, நாம் காட்டாவிட்டால் யார் கண்ணிலும் படாது.

மீதி மனைக்கு வரும் சேதத்துக்கும் தனியாகக் கேட்கலாம். 3ஜி(7) பிரிவில் துண்டிப்பு இழப்பு, மீதிச் சொத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்படும் பாதிப்பு, வீடு மாறும் செலவு மூன்றும் பெயர் சொல்லி இருக்கின்றன. 3 மீட்டர் ஆழக் கடையில் 2.4 மீட்டர் போனால் மிச்சம் 60 செ.மீ. கடை இல்லை, திண்ணைகூட இல்லை. ‘கடை முழுதும் பயனற்றுப் போகிறது’ என்பதை வரைபடத்துடன் கேட்டால்தான் கிடைக்கும்.

கடையை வாடகைக்கு எடுத்தவரை மறந்துவிடக் கூடாது. மூன்று ஆண்டுக்கு மேல் அங்கே பிழைப்பு நடத்துகிறவர் பாதிக்கப்பட்ட குடும்பமாகலாம். சிறுவணிகருக்கு ஒருமுறை உதவி குறைந்தது 25,000 ரூபாய், இடம்பெயர்பவருக்குப் போக்குவரத்துச் செலவு 50,000 ரூபாய் என்று 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. வாடகை ஒப்பந்தம், தொழில் உரிமம், அவர் பெயரில் வந்த பில்கள் கணக்கெடுப்பு நாளில் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் வாடகைதாரரும் தனித்தனியாகச் சண்டை போட்டு, இரண்டு பேருமே இழப்பதைத் தவிர்க்கலாம். இரண்டு உரிமையும் வெவ்வேறு.

பட்டா தாத்தா பெயரில் இருந்து, வாரிசுகள் ஐந்து பேர் என்றால், பங்குத் தகராறு 3எச்(4) பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். பணம் அங்கே முடங்கும், இடிப்பு முடங்காது. ஆகவே கோடு விழுந்த வாரமே வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும்.

தொகை போதாது என்றால் வாங்க மறுக்கத் தேவையில்லை. ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, 3ஜி(5) பிரிவின்படி நடுவரிடம், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடம், மனு போட வேண்டும். பத்திர நகல், மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட வேண்டும். நடுவர் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள். அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. அங்கே நீதிபதி தொகையை உயர்த்தித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நிலங்கள் பற்றிய ஹக்கீம் வழக்கில், நடுவர் தீர்ப்பைத் திருத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு கொஞ்சம் தளர்த்தியது, குறுகிய அளவில் மட்டும். நடுவரிடம் வைக்காத சான்றுக்குப் பிறகு இடம் இல்லை.

தொகை வைப்பு வைக்கப்பட்ட பிறகுதான் சுவாதீனம் எடுக்க முடியும். நோட்டீஸ் கொடுத்து 60 நாள் அவகாசம். பணம் வைக்காமல் ஜே.சி.பி. வந்து நின்றால், ஓட்டுநரிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை. வைப்பு வைத்ததற்கான ஆவணத்தை எழுத்தில் கேட்டு, அன்றே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

இடிப்பை நாமே செய்வது

ஒப்பந்தக்காரரின் ஜே.சி.பி. முன்பக்கத்தை இழுக்கும்போது, ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பி பின்பக்கம் வரை ஓடுகிறது என்பதை அது பார்ப்பதில்லை. முன்னால் இழுத்த இழுப்பில் பின்னறை ஸ்லாபில் விரிசல், பீம் முனை உடைவு, மாடிச் சுவர் இறக்கம். எடுத்தது 2.4 மீட்டர், கெட்டது 6 மீட்டர். 60 நாள் அவகாசத்தை இதற்காகவே பயன்படுத்த வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் புதிய முகப்பு வரப்போகும் கோட்டுக்கு உள்ளே அஸ்திவாரம் தோண்டிப் புதிய தூண்களைப் பீமுக்கு அடி வரை ஏற்ற வேண்டும். வெட்டு கோட்டிலிருந்து உள்பக்கம் முழுக்க முட்டு கொடுத்திருக்க வேண்டும். கான்கிரீட் முழு வலு பெற 28 நாள். அதற்குப் பிறகு, மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி, டைமண்ட் பிளேடு கட்டரால் கோடு போட்டு வெட்ட வேண்டும். புதிய பீம் வரும் இடத்தில் பழைய கம்பியை வெட்டாமல் நீட்டி விட வேண்டும், 12 மி.மீ. கம்பிக்குக் குறைந்தது 60 செ.மீ. ஒட்டு தேவை. கம்பியை ஒட்ட வெட்டிவிட்டால், ஒட்டுக்கு மறுபடி ஸ்லாபைக் கொத்த வேண்டும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கதையே வேறு. அங்கே ஸ்லாபில் கம்பி கிடையாது. தேக்குக் கட்டைகள், அதன்மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு. கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். சாலைக்கு இணையாக ஓடினால் பக்கச்சுவர்கள் தாங்கும், முன்பகுதியைக் கட்டை கட்டையாகக் கழற்றலாம். சாலையை நோக்கி ஓடினால் முன்சுவர்தான் தாங்குகிறது. அதை எடுத்த நொடியில் அறையின் கூரை முழுதும் இறங்கும். புதிய சுவரோ இரும்பு பீமோ கொடுக்காமல் தொடவே கூடாது.

ரோடு ஏறிவிட்டது

நட்டஈடு வாங்கி, புது முகப்பு கட்டி, கடையைத் திறந்த பிறகு வரும் இழப்பு இது. எந்தத் தீர்வாணையிலும் இருக்காது. சாலை உயர்ந்திருக்கும், கடை பள்ளத்தில் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சாலை மட்டத்துக்குக் கீழே போன வீடுகளுக்குத் தண்ணீர் வடிய வழியே இல்லை.

பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய அடுக்கு போட வேண்டும், சாலை மட்டம் ஏறக் கூடாது என்று 2021இல் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளரே எழுதினார். ஆனால் மறுசீரமைப்பில் முழுப் படுகையும் மாறும்போது மட்டத்தை வடிவமைப்பே தீர்மானிக்கிறது. ஆகவே வரைபட நிலையிலேயே கேட்க வேண்டும்: நம் மனைக்கு நேரே முடிவுற்ற சாலை மட்டம் எவ்வளவு, இப்போதுள்ள மட்டம் எவ்வளவு, வடிகாலின் மேல்விளிம்பு எவ்வளவு. நீளவெட்டுப் படத்திலும் குறுக்குவெட்டுப் படத்திலும் மூன்றும் இருக்கும். குறுக்குச் சரிவு 2.5 சதவீதம் என்றால் 7 மீட்டர் பாதிச் சாலையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 17.5 செ.மீ. வித்தியாசம். நடு மட்டத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஓர மட்டத்தைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். வீட்டு வாசலுக்கு எதிரே வடிகாலின் மேல்மட்டம் எவ்வளவு என்பதே நமக்கு வேண்டியது.

வேலை தொடங்கும் முன் மட்டத்தைப் பதிந்து வைப்பதற்குக் கொத்தனாரின் ட்யூப் லெவல் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சாலை வேலை தொடாத இடத்தில், உள்தெருக் கோயில் படியிலோ பழைய கட்டடத்தின் பீடத்திலோ, பிடிக்க வேண்டும். மறுமுனை நம் வீட்டுச் சுவரில். தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியடித்த குறி. அந்தக் குறியிலிருந்து தரைத்தளம் எவ்வளவு கீழே, இப்போதைய சாலை ஓரம் எவ்வளவு கீழே என்று டேப் பிடித்து, தேதி தெரியும் படம் எடுக்க வேண்டும். சாலை போட்ட பிறகு அதே குறியிலிருந்து மறுபடி அளந்தால் ஒரு செ.மீ. கூடத் தப்பாது. முன்பு 45 செ.மீ. உயரத்தில் இருந்த தரை இப்போது 15 செ.மீ. உயரத்தில் என்றால், ‘ரோடு ஹைட்டாயிடுச்சு’ என்ற புலம்பல் 30 செ.மீ. என்ற எண்ணாக மாறிவிடும். வடிகால் இணைப்பும் வாசல் சாய்தளமும் ஒப்பந்தக்காரர் தளத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். இயந்திரங்கள் போனபின் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ரோலர் அதிர்வில் வரும் விரிசலுக்கும் இதே மாதிரி முன்சான்று வேண்டும். ஏற்கெனவே இருக்கும் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் பாலில் இரு முனையும் ஒட்டி, மேலே தேதி எழுத வேண்டும். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்த தேதியும் அன்றைய சாலை வேலையும் ஒத்துப்போனால், அந்தப் பழைய விரிசல் எப்போதிலிருந்து விரிகிறது என்று யாரும் கேட்க முடியாது.

கடைசியாக, எடுத்த நிலம் போக மீதிக்குப் பட்டா. துறை தன் பங்குக்கு உட்பிரிவு செய்து கொள்ளும். நம் பெயரில் மீதி 93.6 சதுர மீட்டர் சரியாக ஏறியதா என்று பார்ப்பது நம் வேலை. பழைய 108 சதுர மீட்டரையே சொல்லி நிற்கும் பத்திரத்தைக் காட்டி வங்கியில் கடன் கேட்டாலோ, விற்கப் போனாலோ, கட்டட அனுமதிக்குப் போனாலோ கோப்பு நின்றுவிடும். புதிய உட்பிரிவு எண், புதிய புலப்படம், தீர்வாணையின் சான்று நகல் மூன்றையும் மூலப்பத்திரத்தோடு ஒரே கவரில் வைக்க வேண்டும். சொத்துவரியில் முகப்புக் கடையின் பரப்பு குறைந்ததையும் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சாலையாகிவிட்ட 155 சதுர அடிக்கும் சேர்த்து அரையாண்டுக்கு ஒருமுறை வரி கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.